இம்பால் விமானியின் உடலில் தோல் எவ்வளவு?

போர் விமானி என்றால் தோல் ஜாக்கெட் என்று நம் கண் பழகிவிட்டது. சின்ன அளவில் விமானமும் மனித உருவமும் செய்து வண்ணம் தீட்டும் மாடல் கலைஞர்களுக்கும் அதே பழக்கம்தான். கடையில் பெட்டியாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் விமானி உருவங்களில் பெரும்பாலானவை 1940-இன் இங்கிலாந்து வானத்துக்காக உடுத்தியவை. இந்திய விமானப்படையின் ஹரிக்கேன் ஒன்றை 1944-இல் இம்பால் ஓடுதளத்தில் நிற்பதுபோலச் செய்து, இறக்கையருகே அதன் விமானியை நிறுத்த நினைப்பவர் அந்த உருவத்தையே எடுத்து முகத்துக்கு மட்டும் மாநிறம் பூசிவிடுகிறார். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலால் வாழும் பகுதியில் இந்தப் பேச்சு எழுந்தால் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: அந்த ஜாக்கெட்டில் நம் ஊர்த் தோல் இருந்திருக்குமா? இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்பால் விமானியின் உடலில் தோல் மிகக் குறைவு. இருந்த கொஞ்சமும் பெரும்பாலும் காலிலும் கையிலும்தான். வேலூர் வட்டாரத் தோலுக்கும் போர்க்கால உடைக்கும் உறவு உண்டு, ஆனால் அது ஜாக்கெட் வழியாகப் போகவில்லை. இதை நிறுவ ஆடையிலிருந்து தொடங்கக் கூடாது. பறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் 1944 பிப்ரவரியில் இம்பாலுக்கு வந்தது. அதன் முக்கிய வேலை தாழப் பறந்து உளவு பார்ப்பது. ஜப்பானியப் படை எந்தப் பாதையில் நகர்கிறது, எந்தப் பாலம் சரிசெய்யப்பட்டிருக்கிறது, மரங்களுக்கடியில் லாரிகள் எங்கே மறைந்து நிற்கின்றன என்றெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை உயரத்திலிருந்து செய்ய முடியாது. மேலே போகப்போக ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். இம்பால் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 780 மீட்டரில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் தரையில் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் ஆயிரம் மீட்டரில் 21 அல்லது 22 டிகிரி இருக்கும். அதுவும் மூடிய காக்பிட்; முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கிறது. செம்மறி ரோமம் உள்ளே வைத்த ஜாக்கெட்டோடு ஒருவர் அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தாலே வியர்த்துவிடும். அதே விமானி 9,000 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழ். வெளியே உறைநிலைக்குச் சுமார் 25 டிகிரி கீழே இருக்கும். ஆக, ஜாக்கெட் உண்டா இல்லையா என்பதற்கு விமானப்படையின் பெயரோ போரின் பெயரோ விடை தராது. விமானத்தின் வேலை, உயரம், மாதம் ஆகிய மூன்றுதான் விடை தரும். ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள், அதாவது 540, 541 எண் படிவங்கள், இந்த மூன்றையும் நாள்வாரியாகத் தருகின்றன. ஆடையைப் பற்றி அவற்றில் தேட வேண்டியதில்லை. எந்த ஆடை பொருந்தும் என்பதற்கான அடிப்படை அங்கே இருக்கிறது.

இந்தக் கணக்கோடு பர்மா முனையின் படங்களைப் பார்த்தால் அவை ஒத்துப்போகின்றன. பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை. முதலில் காக்கி, பிறகு மேலும் மேலும் காட்டுப் பச்சை. மேலே மே வெஸ்ட் என்று அழைக்கப்பட்ட மிதவை அங்கி. தலையில் வெப்ப நாடுகளுக்கென்று வந்த டி-வகைத் தொப்பி. அது காக்கித் துணியில் தைத்தது, தோல் அல்ல. தாழப் பறக்கும்போது ஆக்சிஜன் தேவைப்படாவிட்டாலும் முகமூடி இருக்கும், ஏனென்றால் பேசுவதற்கான மைக் அதற்குள்தான். இடுப்பில் ரிவால்வர். விழுந்து பிழைத்தால் ஊராரிடம் காட்டுவதற்குப் பல மொழிகளில் அச்சிட்ட துணிச்சீட்டு. போரின் கடைசிக் கட்டத்தில், காட்டில் பிழைத்திருக்கத் தேவையான சாமான்களை வைத்துக்கொள்ளப் பை மேல் பையாகத் தைத்த பீடன் சூட் என்ற பருத்தி உடையும் வந்தது. அரைக்கால் சட்டை போட்ட விமானிகளும் படங்களில் உண்டு. ஆனால் எரியும் காக்பிட்டில் வெறுங்கால் என்ன ஆகும் என்பது 1940-லேயே தெரிந்துவிட்ட விஷயம். கொசுவும் அட்டையும் வேறு. எனவே பறக்கப் போகும் விமானிக்கு நீளக்கை, முழுக்கால் உடையே பாதுகாப்பான தேர்வு. முழங்கால் தெரிய நிற்கிறவரைக் கூடாரத்தருகே தேநீரோடு நிறுத்திக்கொள்ளலாம். பிப்ரவரி விடியலில் இம்பாலில் நல்ல குளிர் அடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நேரத்தில் கம்பளி ஸ்வெட்டரோ, ஒரு ஜாக்கெட்டோகூடத் தோளில் இருந்திருக்கலாம். ஜாக்கெட்டை விரும்புகிறவர் மாதத்தையும் நேரத்தையும் அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளட்டும். மழைக்கால நண்பகல் காட்சியில் அதைத் திணிக்கக் கூடாது.

தோல் நிறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கும் இந்திய வானில் இடம் இருக்கிறது, வேறு ஆண்டில், வேறு மூலையில். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-இல் சட்டப்படி உருவானது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சி டிரிக் ரோட்டில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு அதன் முதல் பிரிவு தொடங்கியது. அந்த வாப்பிட்டிகளே 1937 முதல் வசீரிஸ்தானில் மீரன்ஷாவிலிருந்து பறந்தன. அவை திறந்த காக்பிட் விமானங்கள். எல்லைப்புற மலைகளின் குளிர்கால ஊதைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். அங்கே முழங்கைவரை ஏறும் தோல் கையுறை, பி-வகைப் பழுப்புத் தோல் தொப்பி, சிட்னி காட்டன் முதல் உலகப் போரில் வடிவமைத்த சிட்காட் முழு உடை எல்லாமே நியாயமானவை. 1944-லும்கூட, இம்பாலுக்கு வடகிழக்கே முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் தள்ளி திஞ்சான், சாபுவா ஓடுதளங்களிலிருந்து இமயமலையின் கிழக்கு முகட்டைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு சுமந்த அமெரிக்க விமானிகளுக்குத் தோல் ஜாக்கெட் அலங்காரம் அல்ல, தேவை. ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே வட்டாரம்; ஒருவர் பருத்தியில், இன்னொருவர் தோலில். ‘பர்மா முனை விமானி’ என்று பொதுவாக ஒரு பெட்டியின் மேல் எழுதுவது இதனால்தான் பயனற்றது.

புகைப்படமே முதல் சான்று என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எந்தப் புகைப்படம்? பத்திரிகைக்காக, ஆள்சேர்ப்புக்காக, விளம்பரத் துறை எடுத்த படத்தில் விமானி தன்னிடம் உள்ளதிலேயே எடுப்பானதை மாட்டிக்கொண்டு நிற்பார். காமிராக்காரரும் அதைத்தான் கேட்பார். திருமண ஆல்பத்தைப் பார்த்து ஒரு குடும்பத்தின் அன்றாட உடையை முடிவுசெய்வது போன்ற பிழை அதில் நேரும். பறந்து முடித்து இறங்கியவுடன் உளவு அதிகாரியிடம் விவரம் சொல்லும் படம், பின்புலத்தில் யாரோ கவனிக்காமல் நடந்துபோகும் படம், ஊழியர்கள் குண்டு ஏற்றும் படத்தின் ஓரம், இவற்றில்தான் அன்றாடம் இருக்கிறது. தேதியற்ற படத்துக்குத் தேதி கண்டுபிடிக்கவும் வழி உண்டு. தென்கிழக்கு ஆசிய முனையில் 1943-இன் நடுப்பகுதியிலிருந்து விமானங்களின் வட்டக் குறியில் நடுச்சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று. ஒற்றை எஞ்சின் போர் விமானங்களுக்கு வெள்ளை அடையாளப் பட்டைகள் 1945 தொடக்கத்தில் வந்தன. விமானியின் தோளுக்குப் பின்னால் தெரியும் ஒரு துண்டு இறக்கையே அவர் உடுத்தியிருப்பதன் காலத்தைச் சொல்லிவிடும். உடையை ஆராய்கிறவர்கள் விமானத்தைக் கவனிப்பதில்லை, விமானத்தை ஆராய்கிறவர்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்பது இந்தத் துறையின் பழைய நோய்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைப் படிப்பதில் இன்னொரு சிக்கல். ஆர்த்தோகுரோமாடிக் வகைப் படச்சுருள் சிவப்பை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை, மஞ்சளையும் மங்கலாகவே பார்க்கும், நீலத்தை வெளுப்பாக்கிவிடும். அதில் எடுத்தால் 1941 மாதிரி மே வெஸ்ட்டின் பளிச்சென்ற மஞ்சள், கருமையான துணிபோல விழும். அதைக் கண்டு ‘பழைய காக்கி நிற மே வெஸ்ட்’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பான்குரோமாடிக் சுருளில் எடுத்த படத்தில் அதே அங்கி வெளிர் நிறமாக விழும். எனவே ஒரு படத்திலுள்ள சாம்பல் நிறத்தை நம்புவதற்கு முன், அதே படத்தில் நிறம் நமக்கு உறுதியாகத் தெரிந்த ஏதாவது ஒன்று, எடுத்துக்காட்டாக வட்டக் குறியின் நீலம், எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கணினி கொண்டு வண்ணமேற்றிய படங்கள் பெருகிவிட்டன. அவற்றில் டி-வகைத் துணித் தொப்பிகூடப் பளபளக்கும் தோல் பழுப்பாகிவிடுகிறது. மென்பொருளுக்கும் விமானி என்றால் தோல் என்றுதான் யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவை சான்றே அல்ல.

அருங்காட்சியகத்தில் அசல் பொருளே இருக்கிறதே, படத்தைவிட அது மேலானதல்லவா என்று கேட்கலாம். பொருள் உண்மையானதுதான், அது நமக்குத் தரும் விகிதம்தான் பொய். தோல் ஜாக்கெட் விலையுயர்ந்தது, உறுதியானது, போருக்குப் பின்னும் மோட்டார் சைக்கிளில் போகும்போது உதவியது. அதனால் வீடுகளில் தங்கியது. பிறகு சேகரிப்போர் கைக்குப் போனது. வியர்வையில் இற்றுப்போன காக்கிச் சட்டையை யார் பாதுகாத்தார்கள்? கிழிந்தது துடைப்பதற்குப் போனது. இன்று கண்ணாடிப் பேழைகளைப் பார்த்துவிட்டு 1944-ஐக் கற்பனை செய்கிறவர், எது நீடித்ததோ அதையே எல்லோரும் உடுத்தினார்கள் என்று எண்ணிவிடுகிறார். எஞ்சிய பொருள்களுக்கு வேறொரு பயன் உண்டு: காலவரையறை. பிரிட்டிஷ் விமான அமைச்சகம் தன் சரக்குப் பட்டியலில் பறப்பு உடைகளுக்கு 22-சி என்ற பிரிவை ஒதுக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருந்தது. பொருளின் முத்திரையையும் எண்ணையும் வைத்து அது எந்த மாதிரி, எந்த ஆண்டுக்கு முன் இருக்கவே முடியாது என்று சொல்லலாம். 1943 மாதிரித் தப்பிக்கும் பூட்ஸ் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. எதிரி நிலத்தில் விழுந்தால் மேல்பகுதியை உள்ளே இருக்கும் சின்னக் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு, மிஞ்சியதைச் சாதாரணக் கறுப்பு ஷூவாகப் போட்டுக்கொண்டு ஊரோடு ஊராக நடந்துவிடலாம் என்பது அதன் நோக்கம். பிரான்சில் இந்தத் தந்திரம் பலிக்கும். அரக்கானிலோ சிந்த்வின் ஆற்றங்கரையிலோ கறுப்பு ஷூ போட்ட மனிதர் யாரோடும் கலந்துவிட முடியாது. மயிர் வைத்த மேல்பகுதியும் அங்கே வெறும் சுமை. காட்டில் பல நாள் நடந்து திரும்ப வேண்டிவரும் என்று அறிந்தவர்களுக்கு ஆணியடித்த ராணுவ பூட்ஸே பொருத்தம். 1942-இல் லைசாண்டரில் டாங்கூவிலிருந்து பறந்த, 1-ஆம் ஸ்குவாட்ரனின் அன்றைய தலைவர் மஜும்தாரின் ஆட்களுக்கு 1943 மாதிரி பூட்ஸை மாட்டிவிடுகிற மாடல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் ஊர்த் தோலுக்கு வருவோம். ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு, உலகப் போர்களில் வெள்ளைக்காரனுக்குத் தோல் கொடுத்ததே நாம்தான் என்று. அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி கணிசமானது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளியவைத்து, எண்ணெய் தடவி உலர்த்திய மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின. அவை முடிவடைந்த தோல் அல்ல; அரைப் பதம். லண்டன் பெர்மாண்ட்சி போன்ற இடங்களில் மறுபதனிட்டு, நிறமேற்றி, ஃபினிஷிங் செய்து விற்றார்கள். முதல் உலகப் போரில், 1916 முதல், இந்த மாட்டுத்தோலைப் பிரிட்டிஷ் போர்த் துறைக்காக அரசே கொள்முதல் செய்தது. ராணுவ பூட்ஸின் அப்பருக்கு, அதாவது மேல்பகுதிக்கு, அது தேவைப்பட்டது. பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. அரைப்பதத் தோல் வணிகம் மட்டும் தொடர்ந்தது. அங்கிருந்து விமானியின் ஜாக்கெட்டுக்கு ஒரு கோடு இழுக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோட்டை ஆடே அறுத்துவிடுகிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் புகழ்பெற்ற இர்வின் ஜாக்கெட் அடர்ந்த கம்பளி ரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோல். ரோமம் உள்ளே, சதைப்பக்கம் வெளியே. தமிழ்நாட்டுச் செம்மறிகளோ, நீலகிரி, கோயம்புத்தூர் போன்ற சில இனங்களை விட்டால், கம்பளி இல்லாத முடியாடுகள். மேச்சேரி ஆட்டின் தோல் உலகத் தரம் என்று சொல்வது அதன் வழுவழுப்பான முகப்புக்காக, கம்பளிக்காக அல்ல. கம்பளி அடர்ந்த ஆட்டின் தோல் தளர்வாக இருக்கும், முடியாட்டின் தோல் நெருக்கமாக இருக்கும். நம் தோலின் சிறப்பு எதுவோ அதுவே இர்வின் ஜாக்கெட்டுக்கு அதைத் தகுதியற்றதாக்குகிறது.

அந்த நெருக்கமான முடியாட்டுத் தோல் வேறு எதற்குத் தகுதி? கையுறைக்கும், உள்துணியாக வைக்கும் லைனிங்குக்கும், தொப்பியின் நெற்றிப்பட்டைக்கும். பிரிட்டிஷ் தோல் வணிகத்தில் சென்னையிலிருந்து போன இந்தப் பதனிட்ட ஆட்டுத்தோலைப் ‘பெர்ஷியன்’ என்றே அழைத்தார்கள். பழைய பொருள் விவரங்களில் அந்தப் பெயரைக் கண்டு ஈரானைத் தேடிப் போகிறவர் உண்மையில் பெரியமேட்டு மண்டிகளைத் தேட வேண்டியவர். ஆகவே ஒரு விமானியின் பூட்ஸ் அப்பரிலோ, கையுறையிலோ, தொப்பியின் உள்பட்டையிலோ சென்னை மாகாணத் தோல் இருந்திருக்கும் வாய்ப்பு வலுவானது. அதற்கு மேல் ஒரு படி ஏறி, இன்ன கையுறை இன்ன ஊர்த் தோல் என்று சொல்ல வழியில்லை. லண்டனில் நிறமேற்றிய கணமே அதன் ஊர் அழிந்துவிடுகிறது. அமெரிக்க விமானிகளைக் காட்டி இதே பெருமையை வேறு வழியில் மீட்கப் பார்ப்பவர்களும் உண்டு. போருக்கு முன் இந்திய ஆட்டுத்தோலைப் பச்சையாக வாங்கிக் குரோம் முறையில் பதனிடுவதில் பிலடெல்பியா பெயர்பெற்றிருந்தது. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜாக்கெட்டும் ஆட்டுத்தோல்தான். இரண்டும் உண்மை. ஆனால் அந்தத் தோலின் பெரும்பகுதி பெண்களின் மெருகேற்றிய ஷூவுக்குப் போனது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது தானாகப் பிறந்துவிடாது. அமெரிக்கத் தரைப்படை விமானிகளின் ஏ-2 ஜாக்கெட்டுக்கு 1931-இல் வகுத்த முதன்மைத் தோல் குதிரைத்தோல். அந்தப் பேச்சில் நமக்குப் பங்கே இல்லை. உள்நாட்டிலேயே தைத்த இந்திய ராணுவ பூட்ஸ்களுக்குக் கான்பூர்தான் தலைநகரம். கூப்பர் ஆலன் கம்பெனி அங்கே பெருமளவில் தைத்தது. தெற்கின் பங்கு பெரும்பாலும் தோலாக வெளியேறியதில்தான். ஆம்பூர் முழு ஷூவாகத் தைத்து ஏற்றுமதி செய்யத் தொடங்கியது பிற்காலக் கதை.

இவ்வளவு வடிகட்டுவதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. போர்முனையில் யாரும் விதிப்படி உடுத்தவில்லை. ஒருவர் அமெரிக்க நண்பரிடம் ஜாக்கெட் மாற்றிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஊரிலிருந்து அனுப்பிய ஸ்வெட்டர் போட்டிருப்பார். எனவே எதை உடுத்தினாலும் தவறென்று சொல்ல யாராலும் முடியாது என்பது அது. விதிமீறல் நிறைய நடந்தது என்பதைப் படங்களே காட்டுகின்றன. ஆனால் மீறலுக்கும் எல்லைகள் உண்டு. இன்னும் தயாரிக்கப்படாத பொருளை யாரும் மாட்டிக்கொள்ள முடியாது. முகமூடி இல்லாமல் அந்த ரேடியோவில் பேச முடியாது. பாராசூட் பட்டைகளுக்கு அடியில் உட்கார முடியாத உடையைப் பறக்கும்போது உடுத்த முடியாது. அதோடு, மாடல் என்பது ஒரே ஒரு மனிதரைக் காட்டி ஒரு படையைப் பற்றிச் சொல்லும் கூற்று. நூறில் ஒருவர் உடுத்தியிருக்கக்கூடியதை அந்த ஒருவருக்கு மாட்டினால் பார்ப்பவர் நூறு பேரையும் அப்படியே நினைத்துக்கொள்வார். அபூர்வமான உடைக்கு ஒரு குறிப்பிட்ட படம் சான்றாக இருக்க வேண்டும். வழக்கமான உடைக்கு அது தேவையில்லை. ஐந்து சென்டிமீட்டர் பொம்மைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. 1/32 அளவில் 170 சென்டிமீட்டர் மனிதர் 53 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். பொத்தானின் வடிவம் அந்த அளவில் தெரியாது. சட்டைக்கை மடித்திருக்கிறதா, ஜாக்கெட் இருக்கிறதா, கால் எதில் இருக்கிறது என்பது ஓரடி தள்ளியும் தெரியும். நாம் இங்கே வாதிடுவது இந்தப் பெரிய விஷயங்களைப் பற்றித்தான்.

தலைப்பாகை இந்த ஆராய்ச்சியின் கடினமான பகுதி. பிளாஸ்டிக் பெட்டிகள் தொடத் தயங்கும் பகுதியும் அதுதான். முதல் உலகப் போரிலேயே சோப்வித் கேமல் ஓட்டிய ஹர்தித் சிங் மலிக் தன் தலைப்பாகையின் மேல் பொருந்தும்படி தனியாகச் செய்த பெரிய பறப்புத் தொப்பியை அணிந்தார். அதே போரில் பத்து வெற்றிகள் பெற்று 1918 ஜூலை 22-இல் வீழ்ந்த வங்காளி இந்திரலால் ராய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. 1940-இல் இங்கிலாந்து சென்ற இந்திய விமானிகளில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி தொப்பியே வேண்டாமென்று தலைப்பாகையோடு பறந்தார். காதுக்கருவிகளை அதன் மேல் பிடித்துவைக்கத் தனியாகப் பட்டை செய்துகொண்டார். 2014-இல் கிரேவ்செண்டில் நிறுவப்பட்ட அவருடைய சிலை தலைப்பாகையோடுதான் நிற்கிறது. ஆக, சீக்கிய விமானிக்குக் குறைந்தது இரண்டு தீர்வுகள் வரலாற்றில் இருந்தன. மனிதருக்கு மனிதர் அது மாறியது. அரக்கானில் 6-ஆம் ஸ்குவாட்ரனை நடத்திய மெகர் சிங்கையோ, இம்பாலில் அர்ஜன் சிங்கையோ செய்கிறவர், பொதுவான ‘சீக்கிய விமானி’ தலையை ஒட்டிவிட்டுப் போக முடியாது. அந்த மனிதரின் அந்தக் காலப் படத்தைத்தான் பின்பற்ற வேண்டும். வழக்கமான உடைக்குப் பொது விதி போதும் என்று மேலே சொன்னது இங்கே செல்லாது.

தோல் குறைவு என்று நிறுவிய பிறகும், இருக்கிற கொஞ்சத்தைச் சரியாகத் தீட்ட வேண்டுமே. தோல் ஷாப்புகளில் செலக்‌ஷன் பார்க்கிற ஒருவரின் கண், உருவ வண்ணக் கையேடுகள் பலவற்றைவிட இதில் நம்பத் தகுந்தது. கையேடுகள் எல்லாத் தோலையும் ஒரே பழுப்பாகத் தீட்டி, மடிப்பில் கறுப்பும் மேட்டில் வெளுப்பும் ஏற்றச் சொல்கின்றன. தோல் அப்படி மூப்பதில்லை. இர்வின் ஜாக்கெட்டின் வெளிப்புறம் சதைப்பக்கம். அதன்மேல் பூசிய நிறப்பூச்சு முழங்கையிலும் தையலோரத்திலும் படலமாக வெடித்து, அடியிலிருக்கும் வெளிர் நிறத்தைக் காட்டும். மடிப்புகள் தடித்து உருண்டிருக்கும், ஏனென்றால் உள்ளே ரோமம் தாங்குகிறது. போரின் பிற்பகுதியில் தோலை வீணாக்காமல் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததால் துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். குதிரைத்தோலோ ஆட்டுத்தோலோ முகப்பு வெளியே தெரியத் தைத்தது. அது உரசும் இடத்தில் வெடிக்காமல் மெருகேறும், மடிப்பு கூர்மையாக விழும். பட்டையில் பதனிட்ட வார்கள் வியர்வையிலும் வெயிலிலும் கறுக்கும். வெட்டிய ஓரம் உள்வரை பழுப்பாக இருக்கும். குரோமில் பதனிட்டதன் ஓரத்தில், முழுக்கச் சாயம் ஊறியிருக்காவிட்டால், வெட் புளூ எனப்படும் சாயமேறாத குரோம் தோலின் நீலச்சாம்பல் எட்டிப்பார்க்கும். இம்பாலின் மழைக்காலத்தில் பூட்ஸில் முதலில் தெரிவது தூசியல்ல, பூஞ்சையின் வெள்ளைப் பூச்சு. இன்று ஏற்றுமதிக்காகத் தைக்கப்படும் பைலட் ஜாக்கெட்டைப் பார்த்துத் தீட்டுவது இன்னொரு பொறி. அது டிரம்மில் உருட்டி மென்மையாக்கிய நாப்பா. துணிபோல வழிந்து விழும், 1940-இன் தோல் அப்படி விழாது.

அசல் தோலையே வெட்டி உருவத்துக்கு உடுத்தினால் என்ன என்ற எண்ணம் தோல் ஊரில் எழாமல் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் 1/32 அளவில் 0.03 மில்லிமீட்டருக்குச் சுருங்க வேண்டும். எந்த ஷேவிங் எந்திரமும் அதைத் தராது. தந்தாலும் மயிர்க்கால் துளைகள் சுருங்குவதில்லை. ஆட்டுத்தோலின் முகப்பு அந்தக் கையளவில் முதலைத்தோல்போலத் தெரியும். 1/6 அளவில், முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உருவத்தில், சீவி மெலிதாக்கிய முடியாட்டு லைனிங் தோல் ஒரு வாராகவோ கையுறையாகவோ பொருந்தும். அதற்குக் கீழே எபாக்சி களிமண்ணும் தூரிகையும்தான் வழி. இம்பால் 1944, ஜூன், நண்பகல் என்று முடிவுசெய்துவிட்டவருக்கு அந்த வேலையும் அதிகமில்லை. பூட்ஸ் ஒரு ஜோடி, கையுறை ஒரு ஜோடி, ரிவால்வர் உறை வலைநார்த் துணியென்றால் அதையும் கழித்துவிடலாம். தொப்பியின் காதுக்கூட்டு ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. மீதி முழுவதும் வெளுத்த பருத்தியும் வியர்வைக் கறையும்.